பூனையை விரட்டாதீர்கள்... மரத்தை மாற்றுங்கள்!

கிறிஸ்துமஸ் மரம், குடில், சீரியல் லைட் வைக்கும் வீடுகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிசம்பர் பிறந்ததும் மதுரை - தென்காசி சாலையில் உள்ள ஊர்களின் கடைவாசல்கள் நிறம் மாறிவிடும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று எங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் காகித ஸ்டார் தொங்கும், ஜிகினா மாலை காற்றில் மினுங்கும். சபைகளில் கேரல் பாட்டு ஒத்திகை ஆரம்பிக்கும். பரணில் இருக்கும் அட்டைப்பெட்டி கீழே இறங்கும்.

அதே டிசம்பர், வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாத மாதம். திண்ணை ஈரம், ஓட்டுக்கூரை ஈரம், தெரு முழுக்கச் சகதி. மற்ற நாட்களில் வெளியே திரியும் பூனைகள் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வந்து படுப்பது இந்த நாட்களில்தான். வந்து பார்த்தால் பட்டாசலின் மூலையில் புதிதாக ஒரு மரம் நிற்கிறது. அதில் ஏதேதோ ஆடுகிறது, மின்னி மின்னி அணைகிறது. பக்கத்திலேயே குடிலில் மெத்தென்று வைக்கோல். ஒரு பூனை ஆசைப்படக்கூடிய எல்லாவற்றையும் நாமே கொண்டுவந்து ஒரே மூலையில் அடுக்கியிருக்கிறோம்.

மரத்தில் பூனை ஏறுவதையும் மரம் சாய்வதையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துச் சிரிக்கிறோம். அந்தப் பூனை ஒரு முழ ஜிகினாவை விழுங்கியிருந்தால், மூன்றாம் நாள் அதன் வயிற்றை அறுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அந்த அறுவை சிகிச்சைக்கான வசதி நம் தெருமுனையில் இல்லை. சிற்றூர்களில் பூனை வளர்ப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். வைத்தியம் தூரத்தில் இருக்கும்போது, வருமுன் காப்பதே கையில் இருக்கும் மருந்து. பூனையின் சுபாவத்தை நம்மால் மாற்ற முடியாது. மரத்தை மாற்ற முடியும். அதுவும் ஒரே சாயங்காலத்தில், பெரிய செலவில்லாமல்.

மரம் ஒரு வீட்டில், பூனை நாலு வீட்டில்

திருநெல்வேலிச் சீமைக்குக் கிறிஸ்துமஸ் புதிதல்ல. பிரஷ்யாவில் பிறந்த ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் கட்டிய, ஊசிக்கோபுரம் என்று இன்றும் ஊரே அழைக்கும் தூய திரித்துவ ஆலயம் 1826-ல் எழுந்தது. அலங்கரித்த மரம் உலகமெங்கும் பரவியதோ அதற்குப் பிறகுதான். 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வெளியானது அதற்குப் பெரிய தூண்டுதல். 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். இன்றைய சீரியல் லைட்டின் மூதாதை அதுதான்.

நம் பக்கத்தில் மரம் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக் மரம். இல்லாவிட்டால் வெட்டிக்கொண்டு வந்து வாளி மணலில் நட்ட சவுக்குக் கிளை. வெளிநாட்டுப் பூனை வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம், பூனை ஒரே வீட்டுக்குள் அடைந்து வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே கதை வேறு. நாட்டுப் பூனைக்குக் காலையில் ஒரு வீட்டுப் பால், மத்தியானம் இன்னொரு வீட்டு மீன்தலை, ராத்திரி மூன்றாவது வீட்டு மச்சுப்படி. மரம் வைத்திருப்பது கிறிஸ்தவ வீடாக இருக்கும். அதில் ஏறும் பூனை பக்கத்து இந்து வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ பிள்ளைகள் பெயர் வைத்து வளர்ப்பதாக இருக்கும். ஆகவே “எங்கள் வீட்டில் பூனை இல்லையே” என்று யாரும் இதைக் கடந்துபோக முடியாது. சன்னல் திறந்திருந்தால் உங்கள் வீட்டிலும் பூனை உண்டு.

முதல் எதிரி ஜிகினா

மரத்தில் இருப்பவற்றிலேயே பூனைக்கு மிக ஆபத்தானது எது என்று கேட்டால், பலரும் கண்ணாடிக் குண்டு என்றோ மின்சாரம் என்றோ சொல்வார்கள். அவற்றோடு சேர்த்து, பெரும்பாலும் அவற்றுக்கும் முன்னால், வைக்க வேண்டியது ஜிகினா. பரிசுப் பொட்டலத்தைக் கட்டும் ரிப்பன், ஸ்டாரைத் தொங்கவிடும் நூல், பலூன் கட்டிய நைலான் கயிறு எல்லாம் அதோடு சேர்த்தி.

காரணம் பூனையின் நாக்கிலேயே இருக்கிறது. பூனை உங்கள் கையை நக்கும்போது சொரசொரப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நாக்கு முழுக்க நகம் போன்ற பொருளால் ஆன சிறு முட்கள். எல்லா முள்ளும் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். ரோமத்தைக் கோதிச் சுத்தம் செய்ய இயற்கை கொடுத்த சீப்பு அது. இந்த முட்களின் நுனி குழிவாக இருப்பதையும், அதில் உமிழ்நீரை ஏந்தி ரோமத்தின் அடிவரை கொண்டுபோவதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018-ல் விளக்கினார்கள். ஆனால் நூல் என்று வந்துவிட்டால் அந்தச் சீப்பே எமன். வாயில் சிக்கிய இழையை நாய் துப்பிவிடும். பூனையால் துப்ப முடியாது. துப்பப் பார்க்கும் ஒவ்வொரு அசைவிலும் முட்கள் இழையை உள்ளேதான் தள்ளும்.

உள்ளே போன இழையின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். உணவைத் தள்ளுவதாக நினைத்துக் குடல் அலையலையாய்ச் சுருங்கும். முனை மாட்டியிருப்பதால் இழை நகராது, குடல்தான் இழைமேல் ஏறி, நாடாவை இழுத்துக் கட்டிய உள்பாவாடை இடுப்பைப் போலச் சுருக்கம் சுருக்கமாய்க் குவியும். இறுகிய இழை குடல் சுவரை உள்ளிருந்து மெல்ல அறுக்கும். ஓட்டை விழுந்தால் மலக்கிருமிகள் வயிற்று அறைக்குள் பரவும். அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும் பிழைப்பது கஷ்டம்.

வெளியே தெரியும் அறிகுறிகள் சாதாரணமாகத்தான் இருக்கும். அடிக்கடி வாந்தி, சாப்பாட்டில் நாட்டமில்லாமை, எச்சில் ஒழுகுதல், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளுதல். “எலி எதையாவது தின்றிருக்கும், தானாகச் சரியாகும்” என்று இரண்டு நாள் விட்டுவிடுகிறோம். அந்த இரண்டு நாள்தான் விலைமதிப்பற்ற நேரம்.

ஒரு காலத்தில் ஜிகினா இழைகள் ஈயத்தில் செய்யப்பட்டன. குழந்தைகளுக்கு நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1972 வாக்கில் அது கைவிடப்பட்டது. இப்போது வருவது பிளாஸ்டிக். ஈய நஞ்சு போய்விட்டாலும் இழை இழைதானே? போதாக்குறைக்கு இது எடை இல்லாதது. மின்விசிறிக் காற்றுக்கே உதிர்ந்து வீடெல்லாம் பறக்கிறது. ஆகவே பூனை வந்துபோகும் வீட்டில் ஜிகினாவை உயரத்தில் கட்டுவது பரிகாரமே ஆகாது. வாங்காமல் இருப்பதுதான் பரிகாரம். அதற்குப் பதிலாக நம் பனங்காட்டு மண்ணில் பனையோலையில் செய்த ஸ்டார், கிளி, மணி எல்லாம் இருக்கின்றன. கெட்டி அட்டை, துணிப் பொம்மை, மரப் பொம்மை எதுவும் ஆகும். விழுந்தால் உடையாது, கடித்தாலும் நீள இழையாய்ப் பிரிந்து வராதபடி பார்த்து வாங்குங்கள். தொங்கவிடும் நூலைக் கிளையோடு ஒட்டி முடிச்சுப் போட்டு, மிஞ்சும் வாலைக் கத்தரித்துவிடுங்கள். கண்ணாடிக் குண்டுகள் பாட்டி காலத்து நினைவாக இருந்தால், அவற்றைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து அழகு பாருங்கள்.

இன்னொரு விஷயம். பூனை நிறத்துக்கு மயங்குவதில்லை. சிவப்பு அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுகூட இல்லை. அசைவுதான் அதை இழுக்கிறது. மரத்தின் கீழ்ப்பகுதியில், பூனை நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்டும் உயரம் வரை ஆடும் பொருள் எதையும் தொங்கவிடாதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மரத்தை வைக்காதீர்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

சீரியல் லைட்டில் ஒரு பல் பட்டால்

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பூனைக்குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு அரிப்பில் எதைக் கண்டாலும் கடிக்கும். மெல்லிய பச்சை வயர் அதற்கு வசமான பொருள்.

வயரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய குண்டு பல்பு சீரியல் செட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நாற்பது பல்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஆறு வோல்ட்தான் கிடைக்கும். இதைக் கேட்டுவிட்டு, ‘ஆறு வோல்ட்தானே, என்ன செய்யும்’ என்று எண்ணினால் பெரும் தவறு. கோவை எங்கேயாவது அறுந்துவிட்டால், அறுந்த இரண்டு முனைகளுக்கும் இடையே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். அறுத்தது பூனைக்குட்டியின் பல் என்றால், இரண்டு முனைகளும் இருப்பது அதன் வாய்க்குள்ளே. விலை மலிவான எல்.இ.டி. சரங்களிலும் நிலைமை இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடுபவை அவற்றில் ஏராளம். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் சிறு சர்க்யூட் விளக்கை மின்னவைக்குமே தவிர, உயிரைக் காக்காது.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, செல்போன் சார்ஜர் மாதிரி அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் விளக்கையோ, யு.எஸ்.பி.யில் எரியும் ஐந்து வோல்ட் சரத்தையோ வாங்குவது. பேட்டரி விளக்கு என்றால் மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். காசு வடிவ பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். பூனைக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும் அதே ஆபத்து. இரண்டாவது, பிளக்கிலிருந்து மரம் வரை வரும் வயரை எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, சுவரோரமாக ஒட்டுவது. தரையில் தொங்கும் வயர் ஒரு சாணும் மிஞ்சக் கூடாது. மூன்றாவது, ஆள் இல்லாத நேரத்திலும் தூங்கப் போகும் முன்பும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே உருவுவது. இரண்டு முனை பிளக்கை எப்படியும் திருப்பிச் சொருகலாம், மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. நான்காவது, மீட்டர் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது. வீட்டில் எல்லாருக்கும் அது நல்லது. ஆனால் இரண்டு கம்பிகளையும் ஒருசேரக் கடிக்கும்போது அது துண்டிக்காமல் போகவும் கூடும் என்பதால், அதை மட்டுமே நம்பி இருந்துவிடக் கூடாது.

சாயாத மரம்

பிளாஸ்டிக் மரத்தோடு வரும் மூன்றுகால் ஸ்டாண்ட் மரத்தை நிறுத்த மட்டும்தான் லாயக்கு. மூன்று கிலோ எடையுள்ள கடுவன் பூனை பாதி உயரத்தில் தாவி ஏறினால் அது தாங்காது. மரத்தைச் சுவர் மூலையில் வைத்து, நடுத்தண்டை நைலான் கயிற்றால் சன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டுங்கள். கயிறு கிளைகளுக்குள் மறைந்துவிடும். பக்கத்தில் சோபா, நாற்காலி, டி.வி. ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம். பூனை பாய்வதற்கு அவைதான் படிக்கட்டு.

சவுக்குக் கிளையை மணல் வாளியில் நடுகிறவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வாளி நிறைய மணல் என்றால் பூனைக்கு அது கழிப்பிடம்தான். ஒருமுறை போய்விட்டால் அந்த வாசனைக்குத் தினமும் வரும், தோண்டும், மரம் ஆட்டம் காணும். மணலின் மேல் உள்ளங்கை அகலக் கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் தோண்ட முடியாது. வாளியும் கனக்கும், மரமும் அசையாது.

மரத்தை நிறுத்திய அன்றே அலங்காரத்தையும் முடிப்பது நம் அவசரம். நாலைந்து நாள் வெறும் மரமாக விட்டுவையுங்கள். பூனை வந்து முகரும், உரசும், ஏறிப் பார்க்கும், பிறகு அலுத்துப்போகும். அதன்பின் விளக்கு, அதற்கும் பின் பொம்மைகள் என்று படிப்படியாகப் போனால் புதுமையின் கவர்ச்சி வெகுவாக வடிந்திருக்கும். பூனை கட்டுக்கடங்காத குட்டியாக இருந்தால், சுவரிலேயே பச்சைக் காகிதத்தில் மர வடிவம் ஒட்டி, நட்சத்திரம் வைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அதை ஒட்டும் வேலையே ஒரு பண்டிகை.

குடிலும் வைக்கோலும்

கத்தோலிக்க வீடுகளில் மரத்தைவிடக் குடிலுக்கே முக்கியத்துவம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில், வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியோடு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்ததுதான் குடில் மரபின் தொடக்கம் என்பார்கள். ஆக, முதல் குடிலிலேயே வாயில்லா ஜீவன்களுக்கு இடம் இருந்தது.

நம் வீட்டுக் குடிலில் பூனை போய்ப் படுப்பது குறும்பு அல்ல. மழைக்குளிரில் வைக்கோல் கதகதப்பு, மேலே கூரை, மூன்று பக்கமும் அடைப்பு. அது தேடிக்கொண்டிருந்த இடமே அதுதான். சுரூபங்கள் உருண்டு உடைவது ஒரு நஷ்டம். அதைவிடக் கவலைக்குரியது வைக்கோலுக்குள் ஓடும் வயர். பூனை புரண்டு படுத்தால் விளக்கு வைக்கோலுக்குள் புதையும், காய்ந்த வைக்கோலில் சூடான பல்பு தீப்பிடிக்கும். குடிலுக்குள் விளக்கு வேண்டுமென்றால் சூடேறாத குறைந்த வோல்ட் எல்.இ.டி.யைக் கூரையின் உட்புறத்தில் இறுக்கிக் கட்டுங்கள். மெழுகுவர்த்தியைக் குடிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். பனி என்று பரப்பும் பஞ்சையும் விட்டுவிடலாம். பஞ்சு பூனையின் வயிற்றில் உருண்டையாகித் தங்கும், தீ என்று வந்தால் நொடியில் பற்றும்.

குடிலுக்குப் பசும்புல் காட்ட, இரண்டு வாரம் முன்பே தட்டில் நெல்லோ கேழ்வரகோ தூவி முளைக்கவைக்கும் அருமையான வழக்கம் நம்மிடம் உண்டு. பூனைக்கும் இளம்புல் கடிப்பது பிடிக்கும். கூடவே இன்னொரு தட்டில் கோதுமை தூவி முளைக்கவைத்து, மரத்திலிருந்து எட்டத் தள்ளி, பூனைக்கென்று வைத்துவிடுங்கள்.

பூனையின் கல்லீரலில் இல்லாத ஒன்று

பூனை மரத்தடிக்கு வராமல் இருக்கப் பலர் பினாயில் தெளிக்கிறார்கள். வாசனை பிடிக்காமல் ஓடிவிடும் என்று கணக்கு. ஓடுவதற்குள் காலில் ஒட்டிக்கொள்ளும், காலை நக்கும், உள்ளே போய்விடும். மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரலில் பினால் போன்ற பொருட்களை முறித்து வெளியேற்றும் ஒரு நொதி நன்றாக வேலை செய்கிறது. பூனைக் குலத்தில் அது கிட்டத்தட்ட இல்லை. பினாயில், தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள், அடர்ந்த வாசனை எண்ணெய்கள் எல்லாம் அதனால்தான் பூனைக்கு விஷம்.

அதே குறைதான் பாரசிட்டமாலை எமனாக்குகிறது. பண்டிகை நேரத்தில் அடிபட்ட பூனைக்கு, காய்ச்சல் போல இருக்கிறதே என்று, பாதி மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அன்போடு செய்வதுதான். ஆனால் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பேறும், மூச்சு திணறும். மனிதர் சாப்பிடும் எந்த வலி மாத்திரையும் பூனைக்கு வேண்டாம். இந்த ஒரு வரியை மட்டுமாவது பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டியையும் கவனிக்க வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் போன வருடம் போட்ட பாச்சை உருண்டைகள் அலங்காரப் பொருட்களோடு சேர்ந்து தரையில் உருளும். வெள்ளை உருண்டை உருண்டால் பூனை துரத்தும், கடிக்கும். நாப்தலீன் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பெட்டியை வெளித் தார்சாவில் வைத்துப் பிரித்து, உருண்டைகளை எண்ணிப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, பொருட்களைக் காற்றாட விட்டபிறகு உள்ளே கொண்டுபோங்கள்.

விரட்டத்தான் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்போன சந்தை பக்கத்திலேயே இருக்கும்போது பினாயில் எதற்கு? பிழிந்த எலுமிச்சைத் தோலை ஒரு கிண்ணத்தில் போட்டு மரத்தடியில் வைத்தால் போதும். அந்த வாசனை பல பூனைகளுக்கு ஆகாது. தினமும் புதுத் தோல் மாற்ற வேண்டும். தோல் மட்டுமே. எலுமிச்சை எண்ணெயை வாங்கித் தெளிக்கக் கூடாது, அதுவும் பூனைக்கு நஞ்சு.

பூ, இலை, விருந்து

பண்டிகைப் பூங்கொத்தில் வரும் பெரிய இதழ் லில்லி பூனைக்கு மிகக் கொடிய பூ. இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் சரி, சிறிதளவு போனாலே இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். பூனை உள்ள வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம். நம் சம்பங்கி இந்தச் சாதியில் சேராது. கார்த்திகை மாதத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளும் கடும் விஷம், அதைப் பறித்து வந்து வீட்டில் வைக்காதீர்கள். ஆலய அலங்காரத்துக்கும் பந்தலுக்கும் வெட்டும் சைக்கஸ் ஓலையும் கல்லீரலைக் கெடுக்கும். சிவப்பு இலையோடு பூக்கும் கிறிஸ்துமஸ் செடியைப் பற்றி உள்ள பயம் மட்டும் கொஞ்சம் மிகை. அதன் பால் வாயை எரிக்கும், வாந்தி வரும், உயிருக்கு ஆபத்து அரிது.

விருந்தில் மிஞ்சிய பிரியாணியைப் பூனைக்கு வைப்பது வழக்கம். அதில் கறி நல்லது, வெங்காயமும் பூண்டும் கெடுதல். வெந்தாலும் அவற்றின் நஞ்சு போகாது, ரத்த சோகையை உண்டாக்கும். வெந்த கோழி எலும்பு கூர்கூராய் உடைந்து குடலைக் குத்தும். மசாலா சேர்க்கும் முன்பே இரண்டு துண்டு கறியைத் தனியாக வேகவைத்து எடுத்துவிட்டால், பூனைக்கும் பண்டிகை. உலர் திராட்சை போட்ட கேக்கும் சாக்லேட்டும் அதற்கு வேண்டாம்.

வெடிச் சத்தம்

தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் இரவு வெடி இல்லாமல் கழியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவில், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் பட்டாசு வெடிக்க 11.55 மணி முதல் 12.30 மணி வரை நேரம் குறிக்கப்பட்டது. பூனையின் காது நம்முடையதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. சத்தத்துக்கு மிரண்டு ஓடும் பூனை வழி தவறும், சாலையில் அடிபடும், அல்லது தாவி மரத்தின்மேல் ஏறும். ராத்திரி பத்து மணிக்கே அதற்குச் சாப்பாடு வைத்து, மரம் இல்லாத உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்திவிட்டு ஆராதனைக்குப் புறப்படுங்கள்.

அந்த அறையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, பழைய துணி போட்டு வையுங்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பயம் தெளிந்தன என்று நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியது. மரம் வந்த பெட்டியே இதற்குப் போதும்.

பூனையை அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. மரத்தில் ஏறியதற்கும் விழுந்த அடிக்கும் அது முடிச்சுப் போடாது. உங்களுக்குத்தான் பயப்படும். மரத்தடியில் நீங்கள் இல்லாதபோது மறுபடி ஏறும்.

அவசரம் என்றால்...

• வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே மாட்டியிருக்கும் முனை குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாக்கின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

• வயர் கடித்து விறைத்து நின்றால் தொடாதீர்கள். பிளக்கை உருவுங்கள், இல்லையென்றால் மெயினை அணையுங்கள். பிறகு காய்ந்த கம்பால் வயரைத் தள்ளுங்கள். எழுந்து நடந்தாலும் விட்டுவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்து, பல மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம்.

• லில்லி தின்றிருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தைத் துடைத்துவிட்டு அன்றே கிளம்புங்கள். நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

• உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தின்றது எதுவோ அதன் மிச்சத்தையும் அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.

• பூனையை மூடியுள்ள கூடையிலோ துளை போட்ட அட்டைப்பெட்டியிலோ வைத்துக் கொண்டுபோங்கள். கையில் பிடித்தபடி பைக்கில் போனால் பாதி வழியில் தாவிவிடும்.

எங்கே போவது என்பதை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவையுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் முதலுதவி கிடைக்கும். கால்நடை மருத்துவ ஊர்திச் சேவைக்கு 1962 என்ற எண் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக மாடு, ஆடுகளுக்கானது. எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. வாசுதேவநல்லூரிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். பண்டிகை நாளில் அங்கும் மற்ற இடங்களிலும் எந்நேரம் வரை மருத்துவர் இருப்பார், பூனைக்கு அறுவை சிகிச்சை செய்வார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

மரத்தைக் கலைக்கும் நாள்

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-ஐ ஒட்டி மரத்தையும் குடிலையும் கலைப்பார்கள். ஆபத்து அன்றோடு முடிவதில்லை. பெருக்கிக் கூட்டிய ஜிகினா, நூல், பலூன் துண்டுகள் தெருமுனைக் குப்பைக்குப் போகின்றன. அங்கே பிரியாணி இலையோடு கலந்து கிடப்பதைத் தெருப்பூனையும் தின்கிறது, ஆடும் மாடும் தின்கின்றன. அவற்றைக் கத்தரித்துத் துண்டாக்கி, ஒரு பையில் இறுக்கிக் கட்டி, தூய்மைப் பணியாளர்களிடம் நேரே கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இத்தனையும் செய்ய முடியாது என்று மலைப்பாக இருந்தால், மூன்றே மூன்றை மட்டும் இந்த வருடம் செய்யுங்கள். ஜிகினா வாங்காதீர்கள். தூங்கும் முன் பிளக்கை உருவுங்கள். மரத்தைச் சன்னல் கம்பியோடு கட்டுங்கள். பூனையைக் கொண்டுபோகும் பெரும்பாலான விபத்துகளுக்கு இந்த மூன்றும் அணை போடும். தீவனத் தொட்டியில் பிறந்த ஒருவரின் பிறந்தநாளுக்காக நாம் வைக்கும் மரம், நம்மை நம்பி வீட்டுக்குள் வரும் ஓர் உயிரைப் பறிக்கக் கூடாது. அலங்காரத்தில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பண்டிகை குறையாது.